கல்வீட்டு மாப்பிள்ளை

— அந்த ரேடியோவை அணைச்சிட்டுப் போய் வேலையைப் பாரு, மர்லியா. புயல் புயல்னு காலையிலருந்து ஒரே பாட்டு.

— மட்டக்களப்புப் பக்கம் ராவைக்கு அடிக்கும்னு சொல்றானே, ஸமீம்ட வாப்பா. நம்ம மகன் காத்தான்குடியிலல்ல இருக்கான்.

— வெளியில எட்டிப் பாரு. ஒரு இலை ஆடுதா?

— காத்தான்குடி நம்ம பதுளையிலயா இருக்கு?

— புயலைப் பத்தி எனக்கு நீ சொல்லித் தாறியா? இந்தப் பஜார்ல எத்தனை வருஷமா கருவாடு விக்கிறேன். கடலோட போக்கு எனக்குத் தெரியும். அந்தமான் பக்கந்தான் அது பொறக்கும். வருஷத்துக்கு நாலஞ்சு பொறக்கும், அதுலயும் இந்த மாரிக்குத்தான் கூட. பொறந்தா மெட்ராஸுக்குப் போகும், ஒரிசாவுக்குப் போகும். போன வருஷம் ஆந்திராவுக்குப் போகலியா? இந்தப் பக்கம் அதுக்கு என்ன வேலை?

— நீங்க விக்கிறது கருவாடு. கடலை எப்ப பாத்தீங்க?

— வாய் கூடிப்போச்சு உனக்கு.

— அறுபத்துநாலுல மன்னார்ப் பக்கம் அடிக்கலியா?

— அது ராமேஸ்வரத்துக்குப் போனது. போற வழியில இடிச்சிட்டுப் போச்சு.

— மட்டக்களப்புலயும் ஒருக்கா அடிச்சு ஊரே அழிஞ்சதாம். சம்மந்தி இத்ரூஸ் சொன்னாரு. அவர்ட வாப்பா கண்ணால பாத்தாராம்.

— எப்ப? எழுபது வருஷத்துக்கு முந்தி. அத்தனை வருஷம் சும்மா இருந்தது, நம்ம மகன் மாப்பிள்ளையாப் போன வருஷமாப் பாத்து வருமா?

— வராதுன்னு நீங்க எழுதி வாங்கி வச்சிருக்கீங்களா?

— இத்ரூஸ் ஒரு மனுஷன், அவன் சொன்னது ஒரு பேச்சு. வலை இழுக்கிறவனுக்கு எதைக் கண்டாலும் நடுக்கம்.

— ஏசாதீங்க. குடியிருந்த வீட்டையே நமக்காக விட்டுக் குடுத்த மனுஷன்.

— அது அவங்க ஊர் வழக்கம். மகளைக் கட்டினவனுக்கு வீட்டைக் குடுத்திட்டுப் பெத்தவங்க வெளியேறணும். நான் என்ன பறிச்சேனா? கல்வீடுதான் வேணும்னு கேட்டேன், குடுத்தான்.

— குடுத்திட்டுக் கடலோரத்துல தென்னோலைக் கிடுகால குடிசை போட்டாங்க.

— போடட்டும். பழகின சனம்.

— மஹ்ரூப் லொறியோட வாசல்ல நிக்கிறான். இப்ப விட்டா பிபிலை வழியாப் போய் இருட்டுறதுக்கு முந்திச் சேந்திடலாம். அந்தக் குடிசையில இருக்கிறவங்களை ஏத்திக்கிட்டு வரட்டும்.

— என்ட லொறியிலயா? அந்த மீன் நாத்தத்தையா?

— அது கருவாட்டு லொறிதானே.

— கருவாட்டுக்கு ஒரு மதிப்பு இருக்கு. லொறி மடுல்சீமைக்குப் போகுது, தோட்டத்துக் கடைக்குச் சரக்கு இருக்கு.

— உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்.

— என்னத்துக்கு அழுற? ஸமீம் கல்லுக்குள்ள இருக்கான். எந்தக் காத்து வந்தாலும் அவனுக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்குத்தானே விடாப்பிடியா நின்னு அந்த வீட்டை வாங்கினேன். ஏய் மஹ்ரூப், நீ கெளம்பு. நேரமாச்சு.

— போக விடாதீங்க. நிப்பாட்டச் சொல்லுங்க.

— ஒரு கிழவனுக்கும் கிழவிக்கும் லொறியைத் திருப்ப ஏலாது.

— கிழவனும் கிழவியும் கல்வீட்டுலதான் இருக்காங்க. உங்கட பேராசைக்கு வெக்கப்பட்டு, கல்யாணம் முடிஞ்ச கையோட வீட்டை மாமனாருக்கே திருப்பிக் குடுத்திட்டான் உங்கட மகன். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினான். அந்தக் கிடுகுக்குள்ள இருக்கிறது அவனும் நம்ம மருமக ஸல்மாவும்.