கிளைச் செயலாளர் வூட்ல மஞ்சப் புள்ளி

மஞ்சளுங்குது சார்! எவன் வூட்ட? என் வூட்ட! ...கொஞ்சம் நகந்து உக்காருங்க, பைய மேல வச்சிருங்க. இந்த பஸ்ஸு பெரம்பலூரு போய்ச் சேர்றதுக்குள்ள நம்ம எலும்பெல்லாம் தனித்தனியா எறங்கிரும். ம்... எங்க வுட்டேன்? ஆங், மஞ்சளு.

நான் யாருன்னு தெரியாதுல்ல ஒங்களுக்கு? ராசாங்கம். உடையார்பாளையம் பக்கம். கட்சியில கிளைச் செயலாளரு. எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, பின்னாடி சீட்டுக்காரரு மொறைக்கிறாரு. கொடிக்கம்பத்துக்கு நானே குழி தோண்டி, நானே நட்டு, நானே பெயிண்டு அடிச்ச ஆளு சார் நான்! முன்னெல்லாம் தேர்தல்னா என்ன? டீக்கடையில செத்த நேரம் குந்துனா போதும், எந்தத் தெரு எங்கிட்டுச் சாயுதுன்னு சொல்லிப்புடுவேன். இப்ப அதெல்லாம் செல்லாதாம். மெட்ராசுலேருந்து ஒரு கூட்டம் வந்து அரியலூர்ல கல்யாண மண்டபத்தப் புடிச்சி, உள்ளாற ஏசி போட்டு, வரிசையா கம்ப்யூட்டரு. டேட்டாவாம்! எங்க போன்லயும் ஒரு ஆப்பு ஏத்திக் குடுத்தாங்க. 'ஆப்பு'ன்னு பேரச் சொன்னப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

அதுல தெருவத் தொட்டா வூடு வூடா புள்ளி வரும் சார். பச்சைன்னா நம்ம ஓட்டு. செவப்புன்னா அவங்க ஓட்டு. மஞ்சன்னா மதில் மேல பூனை. மஞ்ச வூட்டுக்குத்தான் போவணும், பச்ச வூட்டுல போயி நேரத்த வீணாக்காதீங்கன்னு உத்தரவு. சரின்னு எங்க தெருவத் தொட்டேன். பச்ச, பச்ச, செவப்பு, பச்ச... நடுவுல பளபளன்னு ஒரு மஞ்ச. கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாத்தேன். என் வூடு!

சிரிக்காதீங்க சார். ...சரி, சிரிங்க. இப்ப எனக்கே சிரிப்புதான் வருது. அன்னைக்கு வரல.

எங்க வூட்ல ரெண்டே ஓட்டு. பொண்ணக் கட்டிக்குடுத்தாச்சு. ஒரு ஓட்டு நானு. அப்ப மஞ்சளு யாரு? பஞ்சவர்ணம்! என் பொஞ்சாதி. அவ அண்ணன் மாயவன் பெரம்பலூரு பக்கம் எறையூருல எதிர்க்கட்சிக்காரன். மத்த நாள்ல மாப்ள மாப்ளன்னு உருகுவான், தேர்தல் வந்தா மூஞ்சே குடுக்க மாட்டான். போச்சுடா, அண்ணங்காரன் போன்லயே தங்கச்சி மனசக் கலைச்சுப்புட்டான்னு முடிவு பண்ணிட்டேன்.

நேரா கேட்டிருக்கலாம். கேக்கல சார். வேவு பாத்தேன்! அவ செவப்புச் சீல கட்டுனா, ஏன் செவப்புன்னேன். போன் பேசுனா கதவோரம் நின்னேன். கடைசியில சோத்துல கைய வச்சிக்கிட்டே கேட்டுப்புட்டேன், "ஏன்டி, உண்ட வூட்டுக்கே ரெண்டகமா?"ன்னு. ஆக்கிப் போட்டது அவ, உண்டது நானு. அது அப்ப ஒறைக்கல. கொழம்புச் சட்டிய மூடுனா, பைய எடுத்தா, எறையூருக்கு பஸ் ஏறிட்டா.

மறுநா சாயங்காலம் வாசல்ல காரு. யாரு? வேட்பாளரு! இத்தன வருசத்துல என் வாசப்படிய மிதிக்காத மனுசன், மஞ்ச வூடுன்னு ஆப்பு சொன்னதும் மாலையும் கழுத்துமா வந்து நிக்கிறாரு. "அம்மா இல்லீங்களா? அவங்க கொறயக் கேக்கணும்"ங்குறாரு. அம்மா எங்க இருக்கா! நானே டீ போட்டுக் குடுத்தேன். எது சக்கர டப்பான்னு எனக்கு எங்க தெரியும்? அவரு மடக்கு மடக்கா குடிச்சாரு, கும்பிட்டாரு, போயிட்டாரு. அப்புறந்தான் மிச்சத்த நான் வாயில வச்சேன்... உப்பு! அதக் குடிச்சிட்டும் சிரிச்சிக்கிட்டே கும்பிட்டாரு பாருங்க, அந்த மனுசன் கண்டிப்பா ஜெயிப்பாரு சார்!

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அரியலூரு மண்டபத்துக்கு வண்டிய வுட்டேன். "எவன்டா என் பொஞ்சாதிய மஞ்சளுன்னது?" அங்க சிந்துன்னு ஒரு பொண்ணு, அதான் இந்தப் புள்ளியெல்லாம் வைக்குது. அசரல. என்னமோ தட்டிப் பாத்துட்டு, "சார், உங்க வீட்டம்மாவுக்கும் போன் பண்ணிக் கேட்டோம். அவங்க பச்சை. மஞ்சள் நீங்கதான் சார்"ங்குது.

மண்டபமே திரும்பிப் பாக்குது. வாய் சும்மா இருக்குதா எனக்கு? "நிரூபி!"ன்னு கத்திப்புட்டேன். அது ஒரு பட்டன அமுக்குச்சு. என் கொரலு சார்! ஸ்பீக்கர்ல!

என்னன்னா... முன்னாடி ஒரு நா முந்திரித் தோப்புல உக்காந்திருந்தப்ப போன் வந்துச்சு. கட்சியிலேருந்து பேசுறோம், ஒங்க கொறயச் சொல்லுங்கன்னு தேனாட்டம் ஒரு பொண்ணு கொரலு. பேசுனது கம்ப்யூட்டருன்னு தெரியாம, மனுசின்னு நெனச்சுக் கொட்டித் தீத்துட்டேன். சிமெண்டு லாரித் தூசி, ரோட்டுப் பள்ளம், எனக்குப் போட வேண்டிய சால்வைய வேற எவனுக்கோ போட்டது, "இப்புடியே போனா என் ஓட்டே டவுட்டுதாம்மா"ன்னது... எல்லாம் கணீர்னு கேக்குது. நடுவுல "பாவம், கேட்டுக்கிட்டே இருக்கியே, சாப்டியாம்மா?"ன்னு வேற கேட்டிருக்கேன். மிசினுகிட்ட! அங்க ஒருத்தன் சிரிச்சுச் சிரிச்சு நாக்காலியோட சாஞ்சே போனான்.

அங்கயே வெளியில நின்னு பஞ்சவர்ணத்துக்குப் போனப் போட்டேன். ஒண்ணு வுடாம சொன்னேன். கேட்டுப்புட்டுச் சொன்னா பாருங்க... "அந்த மிசினு ஒன் பேச்ச ஒரு தடவதான் கேட்டுச்சு, ஒடனே மஞ்சப் புள்ளி வச்சிருச்சு. நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்குறேன். இன்னும் பச்சையாத்தான்யா வச்சிருக்கேன். வந்து கூட்டிக்கிட்டுப் போ."

ரோடுன்னுகூடப் பாக்காம குதிச்சேன் சார்! ஆனா ஒரு கண்டிசன் போட்டுட்டா. மாயவன் எதிர்ல மன்னிப்பு கேக்கணுமாம். எதிர்க்கட்சிக்காரன் முன்னாடி! ...கேட்டுருவேன். கேட்டுத்தான் ஆவணும், அதுக்குத்தான் இப்ப எறையூருக்குப் போய்ட்டிருக்கேன். ஒங்ககிட்டயே ஒரு தடவ சொல்லிப் பாத்துக்குறேன், இருங்க. "பஞ்சவர்ணம், தப்பு எம்மேலதான்..." இது போதுமா? சார்? பெரம்பலூரு இன்னும் வரலியே, எதுக்கு எந்திரிக்கிறீங்க? முன்னாடி சீட்டு காலியா? ...அட, போங்க, காத்தோட்டமா உக்காருங்க.

கண்டக்டர் தம்பி! செத்த இங்க வாயேன். ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா? ஆயிருச்சா! அப்ப உக்காரு, உக்காரு. மன்னிப்புன்னா... மொதல்ல எப்புடிய்யா ஆரம்பிப்ப நீ?