பிடியில்லாத குழாய்

அந்த மூலையில் கை கழுவுகிற குழாய் சொட்டுகிறது, கவனித்தீர்களா இன்ஸ்பெக்டர் அம்மா? வாஷர் தேய்ந்துவிட்டது. ஒரு ஸ்பேனர் கொடுத்தால், நீங்கள் காகிதத்தில் கோடு போட்டு முடிப்பதற்குள் சரி செய்துவிடுவேன். வேண்டாம் என்றால் விடுங்கள். நாற்பத்தொரு வருஷம் இந்த வேலைதான் செய்தேன். சொட்டுகிற சத்தம் காதில் விழுந்தால் எனக்குப் பேச்சு ஓடாது, அவ்வளவுதான்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். சொல்வதைச் சொன்னபடி எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்ட வேண்டும். படித்தவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொண்டு வேறொன்றை எழுதுவார்கள். ஆஸ்பத்திரியில் என் கண்ணெதிரேயே அப்படித்தான் நடந்தது. ‘தண்ணீர் குறைவாகக் கொடுத்தேன்’ என்று சொன்னேன். அந்த டாக்டர் பையன் ‘கொடுக்கவில்லை’ என்று எழுதிவிட்டான். குறைவு வேறு, இல்லை என்பது வேறு.

என் மனைவி தையல்காரி. வயது அறுபத்திரண்டு. எங்களுக்குப் பிறந்தது ஒன்றே ஒன்று, அதுவும் தங்கவில்லை. அந்தப் பிரசவத்துக்குப் பிறகு இருமினால் இரண்டு சொட்டு, சிரித்தால் இரண்டு சொட்டு என்று அவளுக்கு ஒழுகும். தையல் மெஷினில் உட்கார்ந்தே அதை யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிட்டாள். எனக்கே பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் பஸ் படியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். கம்பி வைத்தார்கள். இடது கால் குட்டையாகிவிட்டது. அதற்கப்புறம் வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடை. வாக்கரை முன்னால் வைப்பாள், நிற்பாள், காலை இழுப்பாள், மறுபடி வைப்பாள்.

அவள் கட்டிலிலிருந்து கக்கூஸுக்கு இருபத்திரண்டு அடி. நானே டேப் வைத்து அளந்திருக்கிறேன். நடுவில் இரண்டு படி. முதல் படி வரைக்கும் தாக்குப்பிடிப்பாள். இரண்டாவது படியில் வாக்கரைத் தூக்கி வைக்கும்போது போய்விடும்.

“எனக்கு வர்றது நல்லா தெரியுதுங்க. போய்ச் சேர முடியலையே, அதாங்க,” என்பாள்.

ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை அந்தப் படியைக் கழுவினேன் அம்மா. ஆறு வருஷம். சோப்பு போட்டால் வழுக்கும், போடாவிட்டால் நாறும். ஊரில் உள்ள வீடுகளில் எத்தனையோ ஒழுகலை அடைத்தவன் நான். தரைக்குள் புதைந்த குழாய், சுவருக்குள் வெடித்த குழாய், எதுவும் என்னிடம் இரண்டு நாள் தாங்காது. இது மட்டும் என் கைக்கு அடங்கவில்லை. எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

அவள் தன் புத்தியை உபயோகித்து ஒன்று செய்தாள். பழைய துணிகளை மடித்து, நடுவில் பஞ்சு வைத்து, சுற்றிலும் நெருக்கமாகத் தையல் போட்டு உள்ளே வைத்துக்கொள்கிற திண்டு மாதிரி தைத்துக்கொண்டாள். ஒரு டஜன் இருக்கும். தையல் சுத்தமாகத்தான் இருக்கும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் துவைத்து வாசல் பக்கக் கொடியில் காயப் போட்டாள். வெயில் அங்கேதான் விழுகிறதாம்.

என்னோடு வேலை பார்த்த கொத்தனார் ஒருவன் உண்டு. வாயைத் திறந்தால் கிண்டல்தான். டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது கேட்டான்.

“என்னண்ணே, இந்த வயசுல வீட்டுல குழந்தை பொறந்திருக்கு போல? கொடி நெறைய துணி தொங்குதே. ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே.”

நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கொடியில் இருந்ததையெல்லாம் உருவி, ஈரத்தோடு அவள் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இனிமேல் வெளியே காயப் போடக்கூடாது என்றேன். உள்ளே காயாது, பூசணம் பிடிக்கும் என்றாள். பிடிக்கட்டும் என்றேன். அப்போது அவளுக்கும் கோபம் வந்தது.

“தண்ணி குடிக்கிறதாலதான உங்களுக்கு இவ்வளவு கஷ்டம்? இனிமே குடிக்கவே இல்ல. போதுமா?”

இதை அவள் வாயால் சொன்னாள். இந்த வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் அம்மா, முக்கியம். யோசனையைத் தொடங்கியது நான் இல்லை.

என் தொழிலில் முதல் பாடம் இதுதான். ஒழுகல் எங்கே என்று தேடிக்கொண்டு நிற்கக்கூடாது. முதலில் மெயின் வால்வை மூட வேண்டும். வரத்து நின்றால் ஒழுகல் நிற்கும். அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு நர்ஸம்மா செவ்வாய்க்கிழமை தோறும் வீட்டுக்கு வந்து அவள் காலைப் பார்த்துவிட்டுப் போவாள். சின்னப் பெண். அவளிடம் மனைவி விஷயத்தை உடைத்துவிட்டாள். உடனே அவள் எனக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்தாள்.

“ஐயா, தண்ணிய மட்டும் கொறைச்சிடாதீங்க. கொறைச்சா எரிச்சலாகி இன்னும் அடிக்கடி வரும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா, வந்தாலும் வராட்டியும் கூட்டிட்டுப் போங்க. நான் சொல்லிக் குடுத்த பயிற்சிய செய்யட்டும். அதெல்லாம் விடுங்க, நீங்க குழாய் வேலை செஞ்சவர்தானே? கட்டில் பக்கத்துலயே ஒரு கக்கூஸ் வெச்சுக் குடுத்தா பாதிப் பிரச்சினை தீர்ந்துச்சு.”

தண்ணீர் குறைந்தால் அதிகமாக வருமாம். தொட்டி காலியானால் குழாயில் வேகம் கூடுமா? இதைச் சொல்ல மூன்று வருஷம் படித்திருக்கிறாள். நான் வாதாடவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வாசலிலேயே நிறுத்தி, மனைவி தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள், வர மாதக்கணக்காகும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மனைவியின் தங்கச்சி போன் செய்தபோது தூங்குகிறாள் என்றேன். இவை இரண்டும் பொய்தான். மற்றபடி நான் பொய் சொல்வதில்லை.

முதலில் ஒரு நாளைக்கு நாலு டம்ளர் தண்ணீர் என்று வைத்தேன். இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது. அப்புறம் நான் கடைக்குப் போன நேரம் சமையலறைக் குழாயில் குடித்திருக்கிறாள். படி ஈரமாக இருந்தது, அதை வைத்துக் கண்டுபிடித்தேன். அதனால் வீட்டில் உள்ள மூன்று குழாய்களின் பிடிகளையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மேலே ஒரு திருகாணிதான், அரை நிமிஷ வேலை. பிடி இல்லாமல் உள்தண்டை விரலால் திருப்ப முடியாது. அதற்கு என் கை மாதிரிக் கை வேண்டும்.

உங்கள் ஆள் அந்தத் தண்டில் கீறல்கள் இருப்பதைக் காட்டி என்னவென்று கேட்டார். அது துணி வெட்டுகிற கத்திரிக்கோல். அதை வைத்துத் திருப்பப் பார்த்திருக்கிறாள். வாக்கரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, எவ்வளவு நேரமோ தெரியாது. நல்ல பித்தளைத் தண்டு அது, இப்போது கிடைக்காது. முனையெல்லாம் மழுங்கிவிட்டது. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அன்றையிலிருந்து வெளியே போகும்போது வாசல் வால்வையும் மூடிவிட்டுப் போனேன். டம்ளரையும் இரண்டாக்கினேன்.

பலன் இருந்தது என்பதை நீங்கள் எழுத வேண்டும். இரண்டாவது வாரத்தில் துணி காய்ந்தே இருந்தது. படி காய்ந்தே இருந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நான் முழு டீ குடித்துவிட்டு வந்தேன். கொத்தனார் கொடியைப் பார்த்தான், அதில் ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டான்.

அவளும் சண்டை போடுவதை விட்டுவிட்டாள். அமைதியாகப் படுத்திருப்பாள். உதடு வெடித்திருந்தது. வெயில் காலம் அல்லவா. நான்தான் விரலால் எண்ணெய் தொட்டுத் தடவிவிட்டேன். தினமும் ஈரத்துணியால் முகம் துடைப்பேன். ஒரு நாள் அந்தத் துணியைப் பல்லால் கடித்துக்கொண்டு விடவே இல்லை. உறிஞ்சுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அடுத்த நாளிலிருந்து துணியை நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடைத்தேன். கணக்கு என்றால் கணக்குத்தான், இங்கே விட்டுக் கொடுத்தால் அங்கே ஒழுகும்.

அப்புறம் பேச்சு குழறியது. இல்லாத ஊசிக்கு நூல் கோக்கிற மாதிரி விரலை ஆட்டிக்கொண்டிருந்தாள். வயசு என்று நினைத்தேன். அவள் அம்மாவும் கடைசியில் அப்படித்தான் இருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் தங்கச்சிக்காரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். நேராகச் சமையலறைக்குப் போனாள். அங்கிருந்தே கத்தினாள்.

“மாமா, குழாய்ப் பிடி எங்க?”

என் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினேன். மறைக்க என்ன இருக்கிறது?

“மனுஷன்தானா நீங்க?”

“நீ ஒரு நாள் வந்து அந்தப் படியக் கழுவியிருக்கியா? வருஷத்துக்கு ரெண்டு தடவ வந்து எட்டிப் பாத்துட்டுப் போறவ நீ. பேச வந்துட்டா.”

அவள் வெளியே ஓடினாள். பக்கத்து வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் வாங்கி வந்து, அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கரண்டியால் ஊட்டினாள். பாதி கழுத்து வழியாக வழிந்தது. மெத்தை நனைகிறது என்று சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இரண்டு சிறுநீரகமும் நின்றுபோய்விட்டது, ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் காலை போய்விட்டாள்.

அங்கே அவளுக்கு ஒரு ரப்பர் குழாய் போட்டு, நுனியில் பை மாட்டியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன், தொழில் புத்தி. இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. பையில் ஒன்றும் இல்லை.

ஆமாம் அம்மா, ஒப்புக்கொள்கிறேன். பிடிகளைக் கழற்றியது நான். வால்வை மூடியது நான். நர்ஸம்மா சொன்னது காதில் விழுந்த பிறகுதான் செய்தேன், அதையும் எழுதுங்கள். அவள் தண்ணீர் கேட்டாள். முதல் வாரம் வாயால் கேட்டாள், அப்புறம் கையைக் காட்டிக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. அவள் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. காய்ந்து இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். இதோ அந்த மூன்று பிடி. மேஜைமேல் வைக்கிறேன். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அந்த வீட்டுக் குழாய்களுக்கு வேறு பிடி பொருந்தாது.

இன்னொன்று கேட்டீர்கள். கொட்டகையில் அட்டைப்பெட்டி பிரிக்காமல் ஒரு புதுக் கக்கூஸ் கோப்பை இருக்கிறதே, அது யாருடையது என்று. அது அவளுடையதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தைத்துச் சேர்த்த பணத்தில் அவளே கடையில் சொல்லி வரவழைத்தாள். கட்டில் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள் என்றாள். சுற்றிப் போட ஒரு திரைகூடத் தைத்து மடித்து வைத்திருந்தாள், அதுவும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். அவள் படுக்கிறது முன்னறை அம்மா, வருகிறவர்கள் உட்காருகிற இடம். யார் வருகிறார்கள் என்று கேட்காதீர்கள், யாரும் வருவதில்லை. இருந்தாலும் மாட்டேன் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். எனக்கு அது இரண்டு நாள் வேலை. தரையை உடைக்க வேண்டும், குழாய் இழுக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டு நாளும் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். அவளுக்குக் கஷ்டமாக இருக்குமே என்றுதான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.