மாத்திரை கொடுத்த கை

நாற்காலிகளை மாற்றிவிட்டீர்கள் போலிருக்கிறது. நல்லது. பழையவை அசைந்தாலே கிறீச்சிடும். அண்ணன் உட்கார்ந்ததும், "மேடம், அடுத்த தடவை ஆயில் டப்பாவோட வர்றேன்" என்பான். லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, சத்தம் கேட்டால் கை சும்மா இருக்காது.

அவனை இனி ஆலோசனைக்கு அழைத்து வர முடியாது என்று போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள், "எங்க தப்பு விட்டேன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேம்மா" என்றீர்கள். பாவமாக இருந்தது. உங்கள் மேல் தவறில்லை என்று நேரில் சொல்லத்தான் வந்தேன். எனக்குப் பேச வராது. அண்ணன் என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவான். மெதுவாகச் சொல்கிறேன்.

முதல் நாள், குடியை நிறுத்தக் கொடுக்கும் மாத்திரையைப் பற்றி விளக்கினீர்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். அந்தப் பயம்தான் வேலி. அதைக் குடிப்பவர் கையில் கொடுக்கக் கூடாது. வீட்டில் ஒருவர் தன் கையால் கொடுத்து, விழுங்குவதைப் பார்க்க வேண்டும். அது உங்கள் நிலையத்தின் முறை. "யார் கொடுப்பீங்க?" என்று கேட்டீர்கள். அண்ணி குழந்தையோடு தன் அம்மா வீட்டுக்குப் போய் வெகு நாளாகியிருந்தது. நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து டப்பாவுக்குள் இருந்த தாளைப் படித்தேன். நான் வேதியியல் படித்தவள், தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. படித்ததை லேசாக எடுத்துக்கொள்ளத் தெரியாது. குடித்தால் அரிதாக இதயம் நின்றுவிடலாம் என்று போட்டிருந்தது. அண்ணன் எப்படியும் குடிப்பான். எத்தனை சத்தியம் பார்த்தாயிற்று. அதனால் அதே அளவில், அதே வெள்ளையில் இருந்த கால்சியம் மாத்திரைகளை வாங்கி டப்பாவில் மாற்றி வைத்தேன். நீங்கள் கொடுத்தவற்றைச் சாக்கடையில் போடவில்லை. எது எந்தத் தண்ணீரில் போய்க் கலக்கும் என்பது எனக்குத் தெரியும். தையல் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன.

அவன் குடிக்கவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

காலையில் வந்து வாயைத் திறப்பான். விழுங்கிவிட்டு நாக்கைத் தூக்கிக் காட்டுவான். "நல்லாப் பாத்துக்கோங்க, ஜெயிலரம்மா." மாலையில் மதுக்கடைத் தெருவைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவான். கை நடுக்கம் நின்றது. காயம் இல்லாமல் சவரம் செய்துகொண்டான். "ஊரையே மேல ஏத்திவிட்டுட்டு நான் மட்டும் அடியில கெடந்தேன். இத்துனூண்டு மாத்திரை தூக்கி விட்டுருச்சு பாரேன்" என்றான். அவனைத் தூக்கியது மாத்திரை இல்லை என்று அறிந்த ஒரே ஆள் நான். சொன்னால் நம்பிக்கை போய்விடுமே என்று சொல்லவில்லை.

ஒரு நாள் இதே அறையில் என்னைப் பார்த்து, "உங்களுக்காக நீங்க கடைசியா என்ன செஞ்சீங்க?" என்று கேட்டீர்கள். அவன் வாந்தியைத் துடைத்திருக்கிறேன். காய்ச்சல் என்று அவன் மேலாளருக்குப் பொய் சொல்லியிருக்கிறேன். செருப்பைக் கழற்றிப் படுக்க வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா, "தங்கச்சியா நீ, அவனுக்குத் தாய்" என்பார். இப்போது அவன் தன் தட்டைத் தானே கழுவினான். எப்படிம்மா சமாளிக்கிற என்று யாரும் கேட்பதில்லை. மாலைகள் நீளமாக இருந்தன.

பிறகு அண்ணியை வரவழைத்துப் பேசினீர்கள். அம்மா வீட்டுக்கே வரட்டும், சேர்ந்திருந்து பார்க்கலாம் என்று அண்ணி சொன்னார். அண்ணன் துணிகளை மடித்து வைத்தான். குழந்தைக்கு ஒரு பொம்மை லிஃப்ட் செய்திருந்தான், நூலை இழுத்தால் ஏறும். "இனிமே என் தொல்லை இல்லடி. நிம்மதியா இரு" என்றான். நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். நிம்மதியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவனுக்கு இருமல் இருந்தது. சில இருமல் மருந்துகளில் ஆல்கஹால் உண்டு, கேட்டு வாங்குங்கள் என்று நீங்கள் எச்சரித்திருந்தீர்கள். கேட்டுத்தான் வாங்கினேன். மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "கலக்காததுதானம்மா எல்லாரும் கேப்பாங்க" என்றார்.

அவன் விழுங்கிய பிறகு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். "அண்ணா, இதுல ஆல்கஹால் இருக்கு. கவனிக்கல."

அவன் முகம் வெளுத்தது. ஆனாலும், "நீ பயப்படாத, ஒண்ணும் ஆகாது" என்று எனக்குத்தான் தைரியம் சொன்னான். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நாடி பார்க்கச் சொன்னான். அவன் மணிக்கட்டைப் பிடித்தபடி காத்திருந்தேன். "முகம் சிவந்திருக்கா?" என்றான். இல்லை என்றேன். வெகு நேரம் கழித்துப் பெருமூச்சு விட்டான். பிறகு அலமாரியில் இருந்த மாத்திரை டப்பாவைப் பார்த்தான்.

"என்னை ஒண்ணும் பண்ணலையே" என்றான்.

அன்று மாலை அவன் சுற்றிக்கொண்டு வரவில்லை, மதுக்கடைத் தெரு வழியாகவே வந்தான்.

அடுத்து, அண்ணியும் இருக்கும்போது இந்த அறையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். "என் உடம்புல மாத்திரை வேலை செய்யல மேடம்" என்றான். சிலர் நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துத் துப்பிவிடுவார்கள் என்று நீங்கள் பக்குவமாகத்தான் சொன்னீர்கள். "சத்தியமா முழுங்கினேன். இவளைக் கேளுங்க. ஏய் ஊமைக்கோட்டான், வாயைத் திறந்து சொல்லுடி." அண்ணியும் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாத தங்கை என்று நீங்களாக எடுத்துக்கொண்டீர்கள். அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அண்ணன் என்னையே பார்த்தான். கடைசியில், "விடுங்க மேடம். அவ பாவம். நான் துப்பியிருப்பேன்" என்றான். குடித்த காலத்தில் தான் செய்ததையெல்லாம் அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொள்வான். இதையும் அப்படியே ஏற்றுக்கொண்டான்.

இப்போது வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிவிட்டது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். பார்த்துக்கொள்கிறேன். பழக்கத்தில் காலையில் வாயைத் திறக்கிறான். கால்சியம் கொடுக்கிறேன். நாக்கைத் தூக்கிக் காட்டுகிறான். ஜெயிலரம்மா என்று சொல்வதில்லை.

அதனால் உங்கள் சிகிச்சை தோற்றுப்போனதாக நினைத்து வருந்தாதீர்கள். அது அவன் வாய்க்குள் போகவே இல்லை. எனக்கும் ஆலோசனை தேவை என்று உங்கள் முகத்தில் தெரிகிறது. எனக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது.

கிளம்புகிறேன். நேரமானால் கடையை மூடிவிடுவார்கள். அவனால் படி இறங்க முடிவதில்லை, நான்தான் வாங்கிக்கொண்டு போய் ஊற்றிக் கொடுக்க வேண்டும். என்னை விட்டால் அவனுக்கு யாரும் இல்லை.