கறுவலுக்கு ஏழு நாள்

— நாய இறைச்சிக் கடைக்குள்ள கூட்டிட்டு வராதீங்க, வண்ணக்கர். ஓட்டோவிலேயே கிடக்கட்டும்.

— கறுவல் எழும்பி வாற நிலையிலயா இருக்கான், மஜீட்? பழக்கிப் பாப்பமெண்டு ரெண்டு நாளாச் சோறுதான் வச்சன். திண்டதெல்லாம் மூண்டு தரம் சத்தி எடுத்துப்போட்டான்.

— சோறா? ஆறு கிழமையா என்னட்டக் கோழிக் கழுத்தும் ஈரலும் கொத்திக் கொண்டு போனீங்களே. முதல்ல சோத்துக்குள்ள ஒரு துண்டு, மறுகா ரெண்டு துண்டு, மறுகா சோறே வேணாம், பச்சையாவே தின்னுறான் எண்டீங்க. இந்த ஏறாவூரில ஒரு புதுமாப்புளைக்கும் நான் இப்பிடிப் பாத்துப் பாத்துக் கொத்தினதில்ல.

— ஊருக்க சடங்கு வந்திட்டு. நாளைக்குப் பின்னேரம் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறக்கும். கடைசி நாள் குளிர்த்திச் சடங்கு முடியுமட்டும் ஏழு நாள் எல்லைக்குள்ள மீன் மணமும் வரப்படாது. தோணிக்காரரே வலையச் சுருட்டிப் போட்டாங்க.

— நாய்க்கும் சேத்தா?

— சேத்துத்தான். என்ட வீட்டு நாய்க்கு ஒரு சட்டம், ஊரான் வீட்டு நாய்க்கு ஒரு சட்டமா? வண்ணக்கர் எண்ட இந்தக் கோயில் பொறுப்பு நாலு தலைமுறையா எங்கட தாய்வழியிலதான் கிடக்கு. அதக் கேட்டு நிக்கிற இளையதம்பியிட ஆக்களுக்கு அது நெஞ்சில முள்ளு. ஒரு எலும்புத் துண்டு என்ட வளவில கிடந்தாப் போதும், மேளம் அடிச்சு ஊரக் கூட்டிப்போடுவான்.

— அந்த மிருக டொக்டர் என்ன சொல்றார்? ஏழு நாளைக்குச் சோத்தில சமாளிக்கேலாதாமா?

— பதிமூண்டு வயசு நாய், பழக்கின சாப்பாட்ட இடையில மாத்தி மாத்தி விளையாடாதீங்க, பிறகு நான் பொறுப்பில்ல எண்டான். செங்கலடியில பத்துப் பேர் பாத்துக்கொண்டிருக்க, எனக்கு விரல நீட்டிச் சொன்னான்.

— சொன்னது சரிதானே.

— சரிதான். அதுதான் கோவமே.

— இருங்க, அந்தக் கதிரைய இழுத்துப் போட்டு இருங்க. நாளைக்குச் சடங்கு எண்டா இண்டைக்கு உங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காதே. நீங்க என்னெண்டா வெயிலுக்க இஞ்ச வந்து நிக்கிறீங்க.

— நிக்கிறதே எனக்குப் பழக்கம். உன்ட கடைக்குப் பின்னால ஒரு கொட்டில் கிடக்கு. ஏழு நாளைக்கு இவன அதில கட்டிப் போட விடு. நேரத்துக்கு நான் வந்து பாத்துக்கொள்ளுறன்.

— அல்லாவே. வண்ணக்கர், உங்களுக்கு இல்லையெண்டு சொல்லி எனக்குப் பழக்கமில்ல. ஆனா நாய்ட எச்சில் ஒரு சாமான்ல பட்டா ஏழு தரம் கழுவணும், அதில ஒரு தரம் மண்ணால. கடைக்குப் பின்னால நாய் எண்டு தெரிஞ்சா ஆர் இஞ்ச இறைச்சி வாங்குவாங்க? என்ட மகள் ரிப்காட உம்மா என்னையும் சேத்து மண்ணால கழுவிப்போடுவா.

— உன்ட சட்டம் உனக்கு. நான் குறை சொல்லல்ல.

— உங்கட ஊருக்க இறைச்சி போகேலா. எங்கட ஊருக்க நாய் இருக்கேலா. இந்தச் சீவன் எங்க நிண்டு தின்னுறது, வாவிக்குள்ளயா?

— பகிடி விடாத.

— பகிடி இல்ல. வயசு போன நாய்தானே, அதுட பாட்டுக்கு விடுங்க எண்டு சொல்லலாமெண்டு பாத்தன்.

— சொல்லு, கேப்பம்.

— இல்ல, விடுங்க.

— ஒம்பது வருசத்துக்கு முதல், வயல் வட்டையில வேளாண்மைக் காவல். நான் பரணால இறங்கி வரம்பில நடக்கிறன், முன்னால தனியன் யானை நிண்டது தெரியா. இவன்தான் குறுக்கால பாஞ்சான். யானை இவனத் துரத்திக்கொண்டு காட்டுக்க போச்சு. நான் வீடு வந்து சேந்தன். இவன் மூண்டாம் நாள் வந்தான், ஒரு கண்ணில்லாம. எங்கட வளவில திண்டு வளந்த சீவன் பசியில செத்ததெண்டு இண்டு வரைக்கும் ஒருத்தனும் சொன்னதில்ல, மஜீட்.

— எனக்கு இது தெரியாது.

— ஆருக்கும் சொல்லல்ல. நாய் காப்பாத்தின கதைய மனிசன் சொல்லிக்கொண்டு திரியிறதா?

— சரி, இப்பிடிச் செய்வம். பழைய தோணித்துறையில ஒரு மருத மரம் நிக்குது. அது உங்கட எல்லையுமில்ல, எங்கட எல்லையுமில்ல. காலையில நான் கொத்தி இலையில வச்சிட்டுப் போறன். ஓட்டோக்காரன் ரதீஸ் இவனக் கொண்டு வந்து விடட்டும்.

— இலையில வச்சா இவன் தின்னமாட்டான். பல்லு நாலுதான் மிச்சம், மூக்கும் செத்துப்போச்சு. ஒவ்வொரு வாயாக் கையால குடுக்கணும்.

— ரதீஸ் குடுக்க மாட்டானா?

— அவனுக்கு நேத்திக்கடன். விரதம்.

— உங்கட மகள் அஜந்தா?

— போன கிழமை அவள்ட விரலக் கடிச்சிட்டான். ஊசி போட்டுக்கொண்டு திரியிறாள்.

— நான் ஒரு நீளத் தடியில குத்தி நீட்டினா?

— தடியக் கண்டா நடுங்குவான்.

— யானைக்குப் பயமில்லாதவன் தடிக்கா?

— குட்டியில அடிச்சது.

— ஆர் அடிச்சது?

— ஆர் அடிக்கிறது? நான்தான்.

— ம். மறுகா, இவன் ஆர்ட கையாலதான் தின்னுவான்?

— என்ட கையால மட்டும்.

— அது நடக்காது, வண்ணக்கர். பச்சை இறைச்சி புடிச்ச கையோட நீங்க எப்பிடிக் கோயில் படி ஏறுறது? ஏழு தரம் இல்ல, எழுவது தரம் முழுகினாலும் உங்கட ஊர் விடுமா? நாலு தலைமுறைப் பேர் எண்டு இப்பத்தானே சொன்னீங்க.

— ரெண்டு கழுத்து எடுத்துக் கொத்து. எலும்பு நல்லாப் பொடிபடட்டும்.

— கொத்துறன். ஆரிட்டக் குடுத்து விடுறதெண்டு சொல்லுங்க.

— பேப்பரில சுத்தாத. என்ட கையில தா.

— நாளைக்குக் கதவு திறக்கிற கை, வண்ணக்கர்.

— இனி என்னை அப்பிடிக் கூப்பிடாத, மஜீட். இஞ்ச வரக்குள்ள இளையதம்பி வீட்டுப் படலையில ஓட்டோவ நிப்பாட்டி, இடுப்பில கிடந்த கோயில் பூட்டுத் திறப்ப அவன்ட கையில குடுத்திட்டுத்தான் வாறன்.