சிக்னே இறங்காத கார்

மாலை நாலரை மணி. நவம்பர் மாதம்... அமெரிக்காவின் டகோட்டாவில் அந்த நேரத்துக்கே இருட்ட ஆரம்பித்துவிடும். ஆளில்லாத ரோடு, இருபக்கமும் முள்கம்பி வேலி, ஒரே ஒரு வண்டி. ஓட்டிப் போனவர் அந்த ஊர்க்காரரான என் சிநேகிதர் ஆர்னேயின் பெரியப்பா டோர்வால்ட். எண்பத்துநாலு வயது. இந்த வயதில் காரா என்று சிரிக்காதீர்கள், ஆர்னேயே சொன்னதுதான்.

பழைய கார்களையும் பழைய கட்டடங்களையும் பெயர்த்து வந்து வைத்திருக்கும் மியூசியத்துக்குத்தான் போனார். சீசனின் கடைசி நாள். டிக்கெட் கொடுக்கிற கிளாடிஸ் சரியான வாயாடி.

“உங்களுக்கு எதுக்கு டிக்கெட்? உங்களையே சீட்டு ஒட்டி உள்ளே நிறுத்திடலாம்! அஞ்சு மணிக்குப் பூட்டிடுவேன், ஆமா.”

அவர் சிரிக்கவில்லை. இந்தக் குளிர்காலம் தாண்டாது என்று டாக்டர் கைவிரித்தாயிற்று. போவதற்குள் தங்கையைக் காரிலிருந்து இறக்கிவிட வேண்டும்... அவ்வளவுதான்.

பதின்மூன்று வயதில், பள்ளிக்கூடத்திலிருந்து தங்கை சிக்னேவைக் காரில் கூட்டிவந்தது அவர்தான். அங்கே அப்படித்தான், பெடலுக்குக் கால் எட்டினால் பிள்ளைகள் ஓட்டுவார்கள். பாதி வழியில் பனிப்புயல். கார் புதைந்தது. புயலில் காரை விட்டு இறங்கவே கூடாது, அது அந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தூரத்தில் ஒரு விளக்கு... கூப்பிடு தூரம்தான் என்று நினைத்துவிட்டார், பாவம்.

“யார் கூப்பிட்டாலும் இறங்காதே. நானே வந்து இறக்கறேன்.”

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தார். வீடு வந்தது. புயல்தான் நிற்கவில்லை. திமிறியவரை அந்த வீட்டு ஆட்கள் இரண்டு நாள் பிடித்து வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் தோண்டினார்கள். ஏழு வயதுக் குழந்தை, சொன்ன சொல் தட்டாமல் உட்கார்ந்திருந்தது.

அந்தக் காரை அப்பா மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். பிற்பாடு அந்தப் பள்ளிக்கூடமும் அங்கேயே வந்தது, கார்க் கொட்டகைக்கு எதிரில். நாற்பதடி கூட இருக்காது. அன்றைக்குக் கார் புதைந்த இடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆறு மைல்.

கொட்டகையில் யாருமில்லை. காரின் பின்கதவைத் திறந்தார். கிரீச்... சில்லென்று ஒரு காற்று. ஈரக் கம்பளி வாசனை. உள்ளே யாருக்கோ பல் தந்தியடித்தது.

“சிக்னே... வந்துட்டேன்டி. இறங்கு கண்ணு. வீட்டுக்குப் போலாம்.”

சத்தம் நின்றது. பிறகு, மரியாதையாக ஒரு சின்னக் குரல்...

“கோவிச்சுக்காதீங்க தாத்தா. யார் கூப்பிட்டாலும் இறங்கக் கூடாதுன்னு எங்க அண்ணன் சொல்லியிருக்கான்.”

“நான்தான்டி உன் அண்ணன்! டோர்வால்ட்!”

“அவன் சின்னப் பையன் தாத்தா... கதவைச் சாத்துங்க, குளிருது. இப்ப வந்துடுவான்.”

கிழவர் தேம்பித் தேம்பி அழுதார். எழுபத்தொரு வருஷம் கழித்து வந்தால் எந்தக் குழந்தைக்கு அடையாளம் தெரியும்? தன் கோட்டைக் கழற்றிப் பின்சீட்டில் வைத்தார். கதவைச் சாத்தினார்.

ஜனவரியில் அவர் போய்ச் சேர்ந்தார். மே மாதம் மியூசியத்தைத் திறந்த கிளாடிஸ்தான் முதலில் பார்த்தாள். கோட்டு அங்கேயேதான் இருந்தது... நிமிர்ந்து உட்கார்ந்தபடி, கழுத்துவரை பொத்தான் போட்டு.