அறுபத்தோரு கையெழுத்து

உக்காருங்க தம்பி, இந்த நாற்காலி காலிதான். பையை எடுத்து மடியில வச்சிக்கிறேன். உங்களுக்கு என்ன, பிறப்புச் சான்றிதழா? அதுக்கு அந்தக் கடைசி ஜன்னல். இன்னும் பதினாலு பேர் இருக்காங்க, மெதுவாப் போலாம். நானா? ஒரு கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தேன். அதோ, அந்த நீலக் கதவு. வந்து முக்கால் மணி நேரமாச்சு, இன்னும் எந்திரிக்கல.

கையெழுத்துக்கும் எனக்கும் அப்படி ஒரு ராசி. இந்த நாட்டுக்கு வந்ததுலருந்து, எங்க தமிழ்ச் சபையில இருபது வருஷமா நான்தான் செயலாளர். வாசல்ல நின்னு, வாங்க வாங்கன்னு எல்லாருக்கும் கை குடுத்துப் பல்லைக் காட்டுறவனும் நான்தான். போன வருஷம் ரெண்டு ஆம்பளைங்க வர ஆரம்பிச்சாங்க. ஒண்ணா குடும்பம் நடத்துறவங்க. ஆமா, நீங்க நினைக்கிறதேதான். கடைசி வரிசையில உக்காருவாங்க. ஆராதனை முடிஞ்சதும் நூத்தியிருபது நாற்காலியையும் மடக்கி அடுக்கிட்டுத்தான் கிளம்புவாங்க. எனக்கோ முதுகுவலி. அதனால நாலு மாசம் எனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். ஒருநாள் பாஸ்டர் அவங்களையும் திருவிருந்துக்கு, அதான் அப்பமும் திராட்சை ரசமும் குடுக்கிற பந்திக்கு, வரச் சொன்னார் பாருங்க, அப்பதான் எனக்குப் பக்தி பொத்துக்கிட்டு வந்துச்சு. நாற்காலி மடக்க ஆகும், பந்திக்கு ஆகாது. சிரிங்க, பரவாயில்ல.

அவங்களைப் பந்தியில சேர்க்கக் கூடாதுன்னு அன்னைக்கே மனு எழுதினேன். கையாலதான். கம்ப்யூட்டர்ல அடிச்சா கோபம் தெரியாதுல்ல? வேதத்துலருந்து அது பாவம்னு சொல்ற அதிகாரம், வசனம் எல்லாம் போட்டு, சட்டைப் பையில மூணு பேனா சொருகிக்கிட்டு வீடு வீடாப் போனேன். டீ குடுத்தவங்க உண்டு, நாயை அவுத்து விட்டவங்களும் உண்டு. மூணு வாரத்துல அறுபத்தோரு கையெழுத்து! தேர்தல்ல நின்னிருக்கலாம்.

யாரு, என் வீட்டுக்காரியா? அவ போடல. படிக்கிற கண்ணாடியைக் காணோம்னா. கண்ணாடி அவ தலை மேலயே இருந்துச்சு.

அப்ப பையன் லீவுல வந்திருந்தான். ஒரே பையன். பாலம் கட்டுற இன்ஜினியர், எங்கயாவது தப்பு கண்ணுல பட்டா அவனுக்குச் சோறு இறங்காது. சாப்பாட்டு மேசையில மனுவை எடுத்து முழுசாப் படிச்சான். அப்பா, அதிகாரம் தப்பாப் போட்டிருக்கீங்கன்னான். திறந்து பார்த்தா, அங்க செதிள் இல்லாதது எதையும் தின்னாதேன்னு இருக்கு! நண்டு, இறால் எல்லாம் போச்சு. அறுபத்தோரு பேரும் நண்டுக்கு எதிராக் கையெழுத்துப் போட்டிருக்காங்க தம்பி. ஒருத்தர்கூட வேதத்தைப் புரட்டிப் பார்க்கல. எங்க பொருளாளர் நண்டுன்னா உயிரை விடுவார், அவர்தான் முதல் கையெழுத்து.

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அவன் சிரிக்கல. என் பையிலருந்து ஒரு பேனாவை உருவி, தப்பான நம்பரை அடிச்சிட்டு, மேல சரியானதை எழுதிக் குடுத்தான். தேடிக்கூடப் பார்க்கல, மனப்பாடமா வச்சிருந்தான். நான் என்ன நினைச்சேன் தெரியுமா? ஞாயிறு பள்ளிக்கு அனுப்புனது வீண் போகலைன்னு பூரிச்சுப் போனேன். நாலு பேர்கிட்ட பெருமையாச் சொல்லவும் செஞ்சேன். என்னை மாதிரி ஒரு மடையனைப் பார்த்திருக்கீங்களா?

மனு ஜெயிச்சுது. அவங்க ரெண்டு பேரும் வர்றதை நிறுத்திட்டாங்க. இப்ப நாற்காலியை நான்தான் மடக்குறேன். பையனும் வர்றதை நிறுத்திட்டான். வேலை ஜாஸ்தியாம், அவங்கம்மாகிட்ட மட்டும் பேசுவான்.

மனசு மாறிட்டேனான்னா கேக்குறீங்க? அது பெரிய வார்த்தை. ஜெபம் பண்ணிப் பார்த்தேன், ஆண்டவர் வாயைத் திறக்கல. இன்னைக்கு அந்தக் கதவுக்குள்ள போனா சபையில எனக்கு எதிரா மனு வரும், அது நிச்சயம். அங்க மனு எழுதத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். என்னையே எழுதித் தரச் சொன்னாலும் சொல்வாங்க. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தானே தெரியுது.

போன வாரம் வீட்டுக்காரி காய் நறுக்கிக்கிட்டே சொன்னா. சாட்சிக்கு ரெண்டு பேர் வேணுமாம், ஒண்ணு அவளாம். இன்னொரு இடத்தைப் பையன் யாருக்கும் குடுக்காம காலியா வச்சிருக்கான்னு. அவ்வளவுதான். என்னை வாங்கன்னு கூப்பிடல. காலையில அவ முந்தின பஸ்ல வந்துட்டா, நான் அடுத்த பஸ்ல. சபையை நினைச்சுப் பயம் இல்ல தம்பி. அந்த இடம் எனக்கு இல்லைன்னு அவன் சொல்லிட்டான்னா? அதுக்குத்தான் இன்னும் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கல.

கதவைத் திறந்துட்டாங்க. அதோ, ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை போட்டு ரெண்டு பேர் நிக்கிறாங்க பாருங்க. ரெண்டு பேருமே மாப்பிள்ளைதான், இந்த நாட்டுச் சட்டத்துல அதுக்கு இடம் உண்டு. உயரமா, என்னை மாதிரியே காது விடைச்சுக்கிட்டு இருக்கானே, அவன் என் பையன். இந்தப் பக்கம் பார்க்குறான். பார்த்துட்டான்.

தம்பி, பேனா இருக்கா உங்ககிட்ட? மூணு பேனா சொருகிக்கிட்டு வீடு வீடா அலைஞ்சவன், இன்னைக்கு ஒண்ணுகூட எடுத்துட்டு வரல.