எந்தக் கண்ணாடி

கண்ணாடியக் கழட்டுங்க சார். உங்க மூஞ்சில இருக்கறதத்தான் சொல்றேன். குடுங்க, நான் பத்திரமா வெச்சுக்கறேன். பயப்படாதீங்க, ஒடைக்க மாட்டேன். எங்க வீட்ல கண்ணாடிதான் தொழிலே.

மருந்து விட்டு அரை மணி ஆயிருக்கும்ல? அப்ப கண்ணுபாப்பா நல்லா விரிஞ்சிருக்கும். எல்லாமே மங்கலாத்தான் தெரியும். என் மூஞ்சி தெரியுதா? தெரியல. சரி, பரவால்ல.

உங்க வீட்டம்மா வெளிய பெஞ்சுலதான் இருக்காங்க, நான் பேசிட்டுதான் வந்தேன். நீங்க தாடைய இந்தக் கட்டை மேல வைங்க. நெத்தி முன்னாடி பட்டையில ஒட்டணும். இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே. இனிமே பேசக்கூடாது சார். பேசினா தாடை அசையும், தாடை அசைஞ்சா கண்ணு அசையும். ஏதாவது சொல்லணும்னா விரலத் தூக்குங்க. ஒண்ணுன்னா ஆமா, ரெண்டுன்னா இல்ல. புரிஞ்சுதா? ஒண்ணு. நல்ல ஸ்டூடன்ட் சார் நீங்க.

ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. காட்ராக்ட் எடுத்துட்டு லென்ஸ் வெச்சாங்கல்ல, அதுக்குப் பின்னால ஜவ்வு படிஞ்சிருக்கு. லேசரால அதுல சின்னதா ஒரு ஓட்டை போட்டா பார்வை பளிச்னு ஆயிடும். அய்யோ, இத உங்களுக்குப் போய்ச் சொல்லிட்டிருக்கேன் பாருங்க. பேராசிரியர் சந்திரமௌலிக்கு லேசர் பாடம். போன மாசம் பேப்பர்ல உங்க படம் வந்துச்சே. ஒரு செகண்டக் கோடி பங்காக்கி, அதுல ஒரு பங்க எடுத்து மறுபடி கோடி பங்காக்கினா என்ன வருமோ, அந்த நேரத்துக்குள்ள வெளிச்சம் வந்துட்டுப் போயிடும், அதனால சுத்தி எதுவும் சுடாம சுத்தமா வெட்டும்னு அழகாச் சொல்லியிருந்தீங்க. இந்த மெஷின் அவ்ளோ வேகம் கெடையாது சார். இது ஏழைங்க லேசர்.

சிவப்பா ஒரு புள்ளி தெரியுதுல்ல, அதையே பாருங்க. டிக்குனு ஒரு சத்தம் கேக்கும்.

கேட்டுதா? ஒண்ணு ஆச்சு. வலிக்கல பாத்தீங்களா? இனிமே நான் சொல்ற வரைக்கும் தலைய எடுக்காதீங்க. பாதியில எழுந்தா ஓட்டை கிழிசலாயிடும். அது உங்களுக்கே தெரியும்.

நான் டாக்டர் இல்ல சார். இங்க மெஷினெல்லாம் பாத்துக்கற ஆளு. எம்.எஸ்ஸி. பிசிக்ஸ். மேல பி.எச்டி.க்குச் சேந்தேன், முடிக்க முடியல. எங்கன்னு கேக்கறீங்களா? உங்க லேப்லதான் சார்.

ருக்சார். கச்சேரி ரோட்ல இனாயத் பாய் கண்ணாடிக் கடை, அவர் பொண்ணு. அசையாதீங்க. அசையாதீங்கன்னு சொன்னேன்ல. கண்ணு முக்கியம் சார். ஆறு வருஷத்துல என் குரல் ஒண்ணும் மாறிடல. நீங்கதான் எப்பவும் அதக் காதுல வாங்கினதில்ல.

இன்னொரு டிக். நல்லா இருக்கீங்க.

கதவா? இந்த ஏ.சி. போட்டா அது தானா தொறந்துக்கும், காத்துக்கு. நீங்க புள்ளியப் பாருங்க.

லஸ் பக்கத்துல ஸ்கூல்ல எனக்கு பிளஸ் டூ பிசிக்ஸ் எடுத்தது மீனாட்சி டீச்சர். உங்க வீட்டம்மா. எம்.எஸ்ஸி. முடிச்சப்பறம் அவங்கதான் என் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து உங்க லேப் வாசல்ல விட்டாங்க. இந்தப் பொண்ணு ஒரு தடவ சொன்னா போதும், சரியாக் கேட்டுப்பான்னு உங்க கிட்ட சொன்னாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். என்னைப் பத்தி அவ்ளோ நல்லதா யாரும் சொன்னதில்ல, அதுக்கு முன்னாடியும் சரி, அப்பறமும் சரி.

நம்ம லேப்ல லேசர் வெளிச்சத்தத் திருப்பறதும் கண்ணாடி, கண்ணுக்குப் பாதுகாப்பா மாட்டிக்கறதும் கண்ணாடி. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். கண்ணு போன அன்னிக்கு லேசர் புள்ளி எங்க விழுதுன்னு எனக்குத் தெரியல. கண்ணுல மாட்டிட்டிருந்த கண்ணாடி அப்படி, அந்தச் சிவப்ப உள்ள விடாது. நீங்க பின்னால நின்னுட்டிருந்தீங்க. அவசரம் உங்களுக்கு, டெல்லியிலேர்ந்து ஆளுங்க வர்றாங்கன்னு. கண்ணாடியக் கழட்டு, தெரியும்னீங்க. கழட்டினேன். குனிஞ்சேன். எங்கயோ பட்டுத் திரும்பி வந்து வலது கண்ணுக்குள்ள போச்சு. சத்தமில்ல, வலியில்ல. உங்க லேசர் உண்மையிலயே ரொம்ப நல்ல லேசர் சார்.

அப்பறம் ஆஸ்பத்திரியில என் கண்ணுக்குள்ள படம் புடிச்சாங்க. சுத்தி எதுவும் சுடல, விளிம்பு பிளேடு வெச்ச மாதிரி இருக்குன்னார் டாக்டர். எங்க அம்மி அந்தப் பக்கம் அழுதுட்டிருந்தாங்க. நீங்க அந்தப் படத்த ட்யூப் லைட்டுக்கு நேரா தூக்கிப் பாத்தீங்க. உங்க மூஞ்சில ஒரு சந்தோஷம் வந்துச்சு சார். மிச்சமிருந்த கண்ணால அதப் பாத்தேன். அன்னி வரைக்கும் உங்க லேசர் இரும்புலதான் ஓட்டை போட்டுட்டிருந்துச்சு. அன்னியிலேர்ந்துதான் நீங்க கண்ணு பக்கம் திரும்பினீங்க. அமெரிக்கா, அவார்டு, எல்லாம்.

அடையார்ல ஒரு ஹால்ல நீங்க பேசினப்ப கடைசி வரிசையில உக்காந்திருந்தேன். ஸ்க்ரீன்ல சுவர் அளவுக்கு என் கண்ணு. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். என் கண்ணாச்சே.

டிக். தண்ணி வருதா? வரட்டும், தொடைக்கக் கூடாது.

விசாரணை வெச்சாங்கல்ல, அங்க என்ன சொன்னீங்க? டேபிள் மேல இருந்த கண்ணாடியக் கழட்டச் சொன்னேன், அது இல்லாட்டி வெளிச்சம் நேரா சுவத்துக்குப் போயிருக்கும், இவ தப்பாக் கேட்டுத் தன் கண்ணாடியக் கழட்டிட்டான்னீங்க. அது ஸ்க்ரூ போட்டு இறுக்கினது சார். என் கையில ஸ்க்ரூ டிரைவர் இல்ல, நீங்க குடுக்கவும் இல்ல. அத நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள, கண்ணாடிக் கடைக்காரர் பொண்ணுக்குக் கண்ணாடி எதுன்னு தெரியலையேன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எங்க அப்பா வெளிய நின்னுட்டிருந்தார். அவருக்கும் கேட்டுது.

வலது கண்ணு முழுசாப் போகல, தெரியுமா? ஓரமெல்லாம் தெரியும். எதப் பாக்கறேனோ அது மட்டும் இருக்காது. இடது கண்ண மூடிட்டு ஒரு ஆளப் பாத்தா காது இருக்கும், முடி இருக்கும், மூஞ்சி இருக்காது. உங்களை இப்ப அப்படித்தான் பாத்துட்டிருக்கேன். நல்லா இருக்கீங்க.

அதக் கூட விட்டுட்டேன் சார். டீச்சர் எங்க வீட்டுக்கு வந்தாங்க, ஆப்பிள் வாங்கிட்டு. என் தலையத் தடவிட்டு, அவர் சொன்னத நீ சரியாக் கேட்டிருக்கலாமேம்மான்னாங்க. கண்ணு போனப்ப நான் அழல. அன்னிக்கு அழுதேன்.

கடைசியா ஒரே ஒரு கேள்வி. கவனமாக் கேளுங்க. அன்னிக்கு நீங்க சொன்னது எந்தக் கண்ணாடி? டேபிள் மேல இருந்ததுன்னா ஒரு விரல். என் மூஞ்சில இருந்ததுன்னா ரெண்டு.

ஒண்ணா. சரி. விரல அவ்ளோ வேகமாத் தூக்காதீங்க சார். கை அசைஞ்சா தோள் அசையும், தோள் அசைஞ்சா கண்ணு. லேசருக்கு ஒரு மயிரிழை பெரிய தூரம்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. மயிரிழை தள்ளினா அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். டிக். இது கொஞ்சம் ஓரமா விழுந்துச்சோ? மறுபடி கேக்கறேன். எந்தக் கண்ணாடி?

ரெண்டு. நல்லாத் தூக்குங்க, தெரியல. ரெண்டு.

போதும் சார், தலைய எடுத்துக்கலாம். தொடைச்சுக்குங்க. ஒண்ணும் ஆகல. மெஷின் சாவி டாக்டர் பாக்கெட்ல இருக்கு, அவர் இனிமேதான் வருவார். அந்தச் சிவப்புப் புள்ளி சும்மா டார்ச் மாதிரி. டிக் டிக்குனு கேட்டுதே, இந்தப் பேனாதான். பாருங்க, டிக். முப்பது வருஷம் லேசரோட இருந்துட்டு ஒரு பால் பாயின்ட் பேனா சத்தம் தெரியலையே உங்களுக்கு.

டாக்டர் நல்லாப் பண்ணுவார். சாயங்காலத்துக்குள்ள எல்லாம் தெளிவாத் தெரியும். டீச்சர் மூஞ்சியும் தெரியும். தெரியறப்ப பாத்துக்குங்க.

இல்ல சார், டீச்சர் பெஞ்சுல இல்ல. கதவு காத்துக்குத் தொறக்கல. சத்தம் போடாம உள்ள வந்து நில்லுங்கன்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன்.

லைட் போடறேன், கண்ணு கூசும். டீச்சர், எத்தன விரல்னு பாத்தீங்கல்ல? நான் அன்னிக்குச் சரியாத்தான் கேட்டேன் டீச்சர்.